பின்வாசல் சாவி

இப்போதெல்லாம் துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் உட்காரும்போதே வாசலைப் பார்த்துக்கொள்கிறார்கள். காப்பி ஆறுவதற்குள், "இருட்டறதுக்குள்ள போகணும்" என்று எழுந்துவிடுகிறார்கள். இதற்குப் பெயர் அனுதாபமாம். பெஸாதா கிழவர் கோப்பைகளைப் பொறுக்கியபடி முணுமுணுத்தார்.

மனைவி தமியானா இறந்து மூன்றாம் நாள். ஊரார் அபூனா என்றழைக்கும் பாதிரியார் வந்து ஜெபித்து, தண்ணீர் தெளித்து, துக்கப் பாயைச் சுருட்டினால்தான் அவள் உயிர் வீட்டைவிட்டுப் போகும். கால்வாய்ப் பக்கமோ மறுபடி கலவரம்; காலையிலிருந்து கல்லெறி. தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை.

"அபூனா வருவாருப்பா," என்றாள் மகள் நர்கிஸ்.

"பெஸந்தி பாதிரியா? போன கலவரத்துல கோயில் கதவு எரிஞ்சப்ப பின்வாசல் வழியா ஓடுன ஆளும்மா அது. அங்கி தடுக்கி விழுந்ததைக்கூடப் பார்த்தேன்."

அன்று தீயை அணைத்தவர் பெஸாதா. அதுவரை கோயிலுக்குக் காணிக்கை அப்பம் சுட்டுவந்த அவர், அப்பத்தில் சிலுவை பதிக்கும் மர அச்சோடு வீட்டுக்கு வந்துவிட்டார். பிறகு போகவே இல்லை. தமியானா மட்டும் போவாள். "அப்பம் கல்லு மாதிரி இருக்கு. புது அச்சுல சிலுவையே பதியல," என்பாள். வேறொன்றும் கேட்கமாட்டாள்.

வெளிச்சம் மங்கியது. உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. அங்கே யாருமில்லை. நர்கிஸ் அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறவில்லை.

கதவு தட்டப்பட்டது. பெஸாதா விறகுக்கட்டையை எடுத்துக்கொண்டார்.

"யாரது?"

"நாந்தான் பெரியவரே, பெஸந்தி. சீக்கிரம் திறங்க."

தனியாக வந்திருந்தார். நெற்றியில் ரத்தம். ஜெபிக்கும்போது, தெளிக்குமுன்பே கிண்ணத்துத் தண்ணீர் சிந்தியது.

பாயைச் சுருட்டியபின் பெஸாதா கேட்டார்: "பயமா?"

"ரொம்ப. அன்னைக்கும் இதே பயம்தான்."

"இன்னைக்கு ஓடலியே."

"ஓடித்தான் வந்தேன்."

உள்ளறையில் இப்போது சத்தமில்லை. பெஸாதா அலமாரியிலிருந்து அச்சை எடுத்து அங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"தாழ்ப்பாள் போட்டுக்கம்மா. வாரும், நான் முன்னால போறேன்."

சுவரை ஒட்டி நடந்தார்கள். எங்கோ கண்ணாடி உடைந்தது. இருவரும் நின்று, மறுபடி நடந்தார்கள்.

"கோயில் அடுப்பு ஒழுங்கா எரியுதா?"

"புகையிறதோட சரி."

"உங்களுக்கு ஏத்தத் தெரியல. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, மாவு இப்பவே பிசையணும்."

கரிந்த கோயில் கதவருகே அபூனா தயங்கினார். "அப்ப எங்க மேல நம்பிக்கை வந்திடுச்சா?"

"பின்வாசல் சாவியைக் குடும்."

அபூனா இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். பெஸாதா போய்ப் பின்வாசலைப் பூட்டினார். இருமுறை இழுத்துப் பார்த்தார். ஒரு பையில் சாவியும் மறுபையில் அச்சுமாக, திரும்பிப் பார்க்காமல் அடுப்படிக்கு நடந்தார்.