பன்னிரண்டாம் அறையின் ஜன்னல்

என்ன வேலை பார்க்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உண்மையைச் சொன்னால் விளங்காது, விளங்கினால் மரியாதை போய்விடும். ஊரார் வாயை மூடுவதுதான் என் வேலை. ஒரு ஹோட்டலையோ ஆஸ்பத்திரியையோ பள்ளிக்கூடத்தையோ பற்றி யாராவது இணையத்தில் வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டால், நாங்கள் நாலு நல்ல செய்தியை மேலே ஏற்றி அதைக் கீழே தள்ளுவோம். தேடலில் இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டால் கதை முடிந்தது. இரண்டாம் பக்கத்துக்கு யாரும் போவதில்லை. எங்கள் ஆபீசில் அதற்குப் பெயர் சுடுகாடு.

ஆபீஸ் என்றால் விளக்குக் கடைக்கு மேலே இருக்கும் ஒரே நீள அறை. முதலாளிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'ஸ்டார்'. சினிமா ஸ்டார் இல்லை. காலையில் வந்ததும் வணக்கத்துக்குப் பதிலாக "எத்தனை ஸ்டார்?" என்று கேட்பவர். என் பக்கத்து மேஜைக்காரிக்குப் பெயர் 'மன்னிப்பு'. காலை முதல் மாலை வரை "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்" என்று பதில் போடுவது அவள் பொறுப்பு. வீட்டில் கணவனிடம் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்டதில்லையாம், இங்கேயே ஸ்டாக் தீர்ந்துபோகிறது என்பாள்.

அந்த வருஷம் எங்களுக்குப் பெரிய வாடிக்கை ஒரு ஏரிக்கரை ஹோட்டல். அவர்கள் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது ஒரு பழைய ரெவ்யூ. ஒற்றை ஸ்டார். நாங்கள் எவ்வளவு நல்ல ரெவ்யூ வரவைத்தாலும் அது அசையவில்லை. அதன் கீழே இருக்கும் 'உதவியாக இருந்தது' என்ற பொத்தானை யார் யாரோ அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். அதிகம் பேர் அமுக்கினால் அது மேலேயே நிற்கும், அந்தத் தளத்தின் வழக்கம் அப்படி. மன்னிப்பு தலைகீழாக நின்று பார்த்துவிட்டாள். கடைசியில் ஸ்டார் அந்தக் கணக்கை, அதுவரை அந்த ரெவ்யூவைப் படித்திராத என் தலையில் கட்டினார்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள இது எறங்கலன்னா அவங்க வேற ஆளைப் பார்த்துக்குவாங்க. அவங்க போனா நாம மூணு பேரும் கீழே விளக்குக் கடையிலதான் பல்பு மாட்டணும்" என்று சொல்லிவிட்டு, ரெவ்யூவைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தகவல் தருபவர்' என்று இருந்தது. ஸ்டாரே உரக்கப் படித்தார்.

"அறை எண் பன்னிரண்டு. ஏரி தெரியும் அறை என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஏரி தெரிகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஜன்னல் திறக்கவில்லை. சட்டத்தோடு சேர்த்துப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். என் மனைவி ஏரிக்காற்று வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்ப்பதற்கு வீட்டில் மாட்டியிருக்கும் காலண்டரே போதும். தங்கியிருந்த நாள் முழுக்க அவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். ஒரு குறையும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன். இது கோபம் இல்லை, தகவல்."

கடைசி வரியில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உலகத்தில் ஒரே ஒருவர்தான் அப்படிப் பேசுவார். என் அப்பா.

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு குறை சொல்வதை முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொண்டார். பஸ் ஷெல்டரின் கூரை, பேனாவில் கசியும் மை, கால் ஆடும் நாற்காலி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. நான் வாங்கித் தந்த போனில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதுவார். ஒரு பத்தி முடிக்க ஒரு மாலை போய்விடும். "யார்மேல கோபம்பா?" என்றால், "கோபம் இல்லம்மா, தகவல். சொன்னாத்தானே சரி பண்ணுவாங்க?" என்பார். மறுநாள் காலை காபி டம்ளரைக் கையில் எடுப்பதற்கு முன்பே போனைத் திறந்து, அம்மாவிடம் கேட்பார். "பதில் வந்துச்சா பார்த்தியா?" அவர் போனுக்கு வரும் பதில் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அம்மாவும் சளைக்காமல், "இன்னும் வரலைங்க" என்பாள். எனக்கு அப்போதெல்லாம் எரிச்சலாக வரும். இப்போது அந்தக் காலைகளில் ஒன்றே ஒன்று திரும்பிக் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது.

வீட்டிலும் அவர் ஸ்டார் போடுவார். அம்மா சமைத்தது எவ்வளவு நன்றாக இருந்தாலும் நாலுதான். "அஞ்சு போட்டா நாளைக்குக் கை அசந்துடும். இன்னும் கொஞ்சம் எடம் இருக்கட்டும்" என்பார். அம்மா கரண்டியைக் காட்டி மிரட்டினாலும் அந்த அஞ்சாவது ஸ்டார் வெளியே வராது.

அந்த ஏரிக்கரை ஹோட்டலில் அவர்களுக்கு அறை போட்டுக் கொடுத்ததே நான்தான். அவர்கள் கல்யாண நாளுக்கு என் பரிசு. திரும்பி வந்ததும், "ரூம் எப்படிப்பா?" என்று கேட்டேன். "பிரமாதம்மா" என்றார் அப்பா. அம்மாவும் தலையாட்டினாள். குறை சொல்லாமல் ஒரு கைக்குட்டைகூட வாங்காத மனிதர், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எழுதினவன் யாருன்னே கண்டுபிடிக்க முடியல" என்றார் ஸ்டார். "ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? மாசா மாசம் ஒரே தேதியில அந்த பட்டனை ஒரு கூட்டமே அமுக்குது. எதிர்த்த ஹோட்டல்காரன் ஆள் வெச்சிருக்கான்."

தேதியைப் பார்த்தேன். அப்பா இறந்துபோன தேதி.

"அந்த ஆள் உயிரோட இல்லன்னா ரொம்ப சுலபம். தளத்துக்கு ஒரு வரி எழுதிப் போட்டா மொத்தக் கணக்கையும் தூக்கிடுவாங்க" என்று ஸ்டார் சிரித்தார். "நமக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் எங்க இருக்கு?"

மன்னிப்பும் சிரித்தாள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். அந்த ஒரு வரியை எழுதக்கூடியவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். எழுதினால் என் வேலை தப்பும். அப்பா ஒற்றை விரலால் தட்டிய அத்தனை மாலைகளும் ஒரேயடியாகப் போய்விடும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா சாப்பாட்டு மேஜையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் போன் பிரிட்ஜின் மேல் சார்ஜில் கிடந்தது. அதை அவள் ஒரு நாளும் அணைய விட்டதில்லை.

"அம்மா, ஏரிக்கரை ஹோட்டல் பத்தி அப்பா எழுதினாரே, அது உனக்குத் தெரியுமா?"

அம்மாவின் கை துணியிலேயே நின்றுவிட்டது. "உங்கிட்ட யார் சொன்னா? அத்தையா? அவ வாயில எதுவும் நிக்காது."

"அத்தைக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்டி. குடும்ப குரூப்புல மாசா மாசம் போடறேனே. நீதான் அதைத் திறக்கறதே இல்லையே."

குடும்ப குரூப்பை நான் மியூட்டில் போட்டு வருஷக்கணக்காகிறது. பூங்கொத்தோடு வரும் காலை வணக்கங்களுக்குப் பயந்து செய்தது. ஊரில் யார் யாரைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள், என் சொந்த வீட்டுப் பேச்சை மட்டும் பார்க்கவில்லை. என் போனை எடுத்து அந்த குரூப்பைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் அம்மா அந்த ரெவ்யூவைப் போட்டிருந்தாள். கீழே அத்தையின் கட்டளை: "அண்ணன் எழுத்து. எல்லாரும் ஒரு அமுக்கு அமுக்குங்க. அமுக்கினவங்க புதுசா ஒருத்தரை அமுக்க வைங்க." சித்தி அமுக்கியிருந்தாள். மாமா தன் வாக்கிங் கோஷ்டி மொத்தத்தையும் அமுக்க வைத்திருந்தார். ஸ்டார் தேடிக்கொண்டிருந்த எதிரிகள் எல்லோரும் எங்கள் குடும்ப ஆல்பத்தில் இருப்பவர்கள்.

"எதுக்கும்மா இப்படி?"

"எனக்கு லிங்க் எல்லாம் வெச்சுக்கத் தெரியாது. தினம் ஹோட்டல் பேரைப் போடுவேன். போட்டதும் உங்கப்பாதான் முதல்ல வந்து நிப்பார்." அம்மா துணியை மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். "மத்ததெல்லாம் பஸ்ஸைப் பத்தியும் பேனாவைப் பத்தியும் எழுதினார். இது ஒண்ணுதான் என்னைப் பத்தி எழுதினது."

"அப்போ எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஆசையா போட்டுக் கொடுத்த ரூம். உனக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்னுட்டார். 'எழுதறதை எழுதிடறேன், அவகிட்ட மட்டும் மூச்சு விடாதே'ன்னார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆபீஸ் விஷயம் முழுவதையும் சொன்னேன். அம்மா மடித்த துணியை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு எழுந்து பிரிட்ஜின் மேலிருந்து அப்பாவின் போனை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"அவர் கணக்கு இதுல திறந்தேதான் இருக்கு. உன் வேலைக்குக் கெடுதல்னா எடுத்துடு. எனக்கு மனப்பாடம்தானே."

போனை நான் தொடவில்லை. அம்மா சொன்னது பொய் என்று தெரியும். மனப்பாடமாக இருந்தால் ஏன் தினமும் தேடுகிறாள்?

"அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்" என்றாள் அம்மா. "பதில் வந்துச்சான்னு. கடைசி வரைக்கும் வரல."

அது எங்கள் தொழிலின் கைங்கரியம். மேலே நிற்கும் கெட்ட ரெவ்யூவுக்குப் பதில் போடக்கூடாது, போட்டால் அது இன்னும் மேலே நிற்கும் என்பது எங்கள் சட்டம். சின்னச் சின்னப் புகாருக்குத்தான் மன்னிப்பின் வருத்தங்கள். பெரியதற்கு வாயே திறக்க மாட்டோம்.

மறுநாள் காலை ஸ்டார் "எத்தனை..." என்று ஆரம்பிப்பதற்குள், "சார், எதிரி யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்றேன். "எங்கம்மா."

எல்லாவற்றையும் சொன்னேன், அப்பா உயிரோடு இல்லை என்பது உட்பட. அவர் கை மவுஸின் மேல் இருந்தது. அந்த ஒரு வரியை இப்போது அவரும் எழுதலாம். மன்னிப்பு தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு அவர் கையையே பார்த்தாள்.

"எழுதிடாதீங்க சார்" என்றேன். "ஜன்னலைத் திறக்கச் சொல்லுவோம். திறந்ததும் ஒரு பதில் போடுவோம். ஒரே ஒரு பதில். அதுக்கப்புறம் என்னை வேலையை விட்டுத் தூக்கினாலும் சரி."

"பதில் போட்டா அது மேலயே நின்னுடும்னு தெரியாதா உங்களுக்கு?"

"இப்ப மட்டும் எங்க நிக்குது சார்?"

ஸ்டார் தலையைச் சொறிந்தார். மவுஸிலிருந்து கையை எடுத்தார். "நாம ஆபீஸ் வெச்சு செய்ய முடியாததை ஒரு குடும்ப குரூப் செஞ்சிருக்கு. உங்கம்மாவுக்கு இங்க வேலை பார்க்க இஷ்டமான்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு, ஹோட்டல் மேனேஜரின் எண்ணைத் தானே போட்டு என்னிடம் கொடுத்தார்.

"பன்னெண்டாம் நம்பர் ஜன்னலா மேடம்?" என்றார் மேனேஜர். "அது பெயின்ட்ல ஒட்டிக்கிட்டது. எல்லாரும் ஏசி போட்டுக்கறாங்க. யாரும் கேக்கல."

"ஒருத்தர் கேட்டிருக்கார். உங்க ஹோட்டல் பேரைத் தேடினா முதல்ல வர்றதே அவர்தான்."

மாதாமாதம் எங்களுக்குக் காசு கொடுத்து அந்த ரெவ்யூவைத் தள்ளச் சொன்னவர்கள், ஒரு தச்சரைக் கூப்பிட வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. நாங்களும் சொல்லவில்லை. புகாரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் அது எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்தே எங்களுக்குப் பழகிவிட்டது.

இரண்டு நாளில் படம் வந்தது. பெயின்டைச் சுரண்டிய சட்டம் அங்கங்கே வெள்ளையாக இருந்தது. இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தன. திரைச்சீலை காற்றில் எழும்பி நாற்காலியின் மேல் விழுந்திருந்தது.

பதிலை மன்னிப்பு எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று நானே உட்கார்ந்தேன். கைக்கு வழக்கமாக வரும் வரிகளையெல்லாம் அழித்துவிட்டு எழுதினேன்.

"ஐயா, வணக்கம். நீங்கள் சொன்னது சரி. பன்னிரண்டாம் அறையின் ஜன்னலைத் திறந்துவிட்டோம். படம் இணைத்திருக்கிறோம். இவ்வளவு நாள் உங்களுக்குப் பதில் சொல்லாமல் இருந்தது தவறு. உங்கள் மனைவியிடமும் சொல்லுங்கள், இப்போது காற்று வருகிறது."

எழுதி முடித்தும் அனுப்பாமல் வைத்திருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அம்மா சமையலறையில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்து அனுப்பினேன்.

பிரிட்ஜின் மேல் அப்பாவின் போன் 'டிங்' என்றது.

அது சத்தம் போட்டே எவ்வளவோ காலமாகிவிட்டது. அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். கண்ணாடியைத் தேடினாள், அது தலையிலேயே இருந்தது. உதடு அசைய ஒரு தடவை படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். படத்தை விரலால் பெரிதாக்கித் திரைச்சீலையைப் பார்த்தாள்.

பிறகு சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைப் பார்த்து, சாதாரணமாக, தினம் சொல்வது போலவே சொன்னாள்.

"பதில் வந்துடுச்சுங்க."

நான் எழுதியது என்று அம்மாவுக்குத் தெரியும். அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எழுதினதை ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது. ஆனா சரி பண்ணிட்டாங்கன்னா ஸ்டாரை மாத்தித் தரணும். அதுதான் உங்கப்பா நியாயம்" என்று சொல்லிவிட்டு, அப்பாவைப் போலவே ஒற்றை விரலை நீட்டி அந்த ஒற்றை ஸ்டாரைத் தொட்டாள். இரண்டாயிற்று. மூன்றாயிற்று. நான்கில் நிறுத்திவிட்டாள்.

"அஞ்சு போடேம்மா. எங்க முதலாளி ஆயுசுக்கும் உன் பேரைச் சொல்லுவார்."

"எனக்கே போடாத அஞ்சை இவங்களுக்கு எப்படிடி போடறது?" என்றாள் அம்மா. போனைத் துடைத்து மறுபடி சார்ஜில் மாட்டினாள். "எனக்கு லீவு நாள்ல ஒரு டிக்கெட் போடு. நேர்ல போய் அந்த ஜன்னல்ல நிக்கிறேன். காத்து வந்தா அப்புறம் பார்க்கலாம்."