கணக்கில் ஏறிய நாற்காலி

1

இந்தக் கதை ஒரு நாற்காலியில் பிறந்தது. மிச்சிகன் ஏரிக்கரையில், பனி கொட்டி ஓய்ந்த ஒரு காலை. காரை எடுக்கும் அளவுக்குப் பனியை வாரிக் கொட்டிய டெல்மர் வாசலில் நின்று கத்தினான்.

"ஏ அர்லெட்டா, கால் ஆடுற நாற்காலிய எடுத்துக்கவா?"

"எடுத்துத் தொலை. நல்லதுல கைய வச்சே, ராத்திரி பட்டினிதான்."

காரை எடுத்தான். காலியான இடத்தில் வேறு யாரும் காரை நிறுத்திவிடாதபடி நாற்காலியைப் போட்டுவிட்டு, தன் அக்காளைச் சர்ச்சில் இறக்கிவிடப் போனான். திரும்பும் வழியில், சிக்னலில் நின்ற காரைப் பார்த்து யாரோ

[இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. போலீஸும் முடிக்கவில்லை.]

[அர்லெட்டா நான்தான். 'அவள்' என்று எழுதினால் கை கொஞ்சம் சொன்னபடி கேட்கிறது.]

2

பனியை வாரியவன் போட்ட நாற்காலியை அவன்தான் எடுக்க வேண்டும். மற்றவர் தொடக்கூடாது. மூலையில் நின்று போதைத்தூள் விற்கிறவன்கூட மதிக்கும் ஒரே சட்டம் எங்கள் தெருவில் இதுதான்.

பனி உருகியது. ஜூன் வந்தது. நாற்காலி அங்கேயே இருந்தது. "டெல்மரச் சுட்டவனப் பிடிக்கட்டும், அன்னிக்கு நானே உள்ள எடுத்து வைக்கிறேன்" என்று அர்லெட்டா சொல்லிவிட்டாள்.

3

இங்கே ஒரு வில்லன் தேவை. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கோல்பியை அப்படித்தான் முதலில் எழுதினேன். சரிப்படவில்லை. வெயிலில் அவன் காது சிவந்துபோயிருந்தது; தண்ணீர் கொடுத்தால் இரண்டு முறை நன்றி சொன்னான். குற்றம் பெருகும் தெருக்களில் ஒழுங்கின்மையின் அடையாளங்களை எண்ணுவது அவன் வேலை: உடைந்த கண்ணாடி, சுவர்க் கிறுக்கல், வீசியெறிந்த மரச்சாமான்.

"மேடம், இந்தத் தெரு எவ்வளவு பாதுகாப்பா இருக்குன்னு நினைக்கிறீங்க? ஒன்னுலேருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க."

"என் புருஷனச் சுட்டவனப் பிடிச்சாச்சா?"

"அது எங்க ஆய்வுல வராது மேடம்."

"அப்ப என்னதான் வரும்?"

அவன் கையிலிருந்த கருவியைத் தட்டினான். "வீசியெறிந்த மரச்சாமான். ஒன்னு."

"வீசல தம்பி. போட்டு வச்சது."

"அதுக்குத் தனியா கட்டம் இல்லையே மேடம்."

எதிர்வீட்டுப் படியில் லவோன் சிரித்தாள். "நீ அதுல கொஞ்சம் உக்காரு மிஸ் அர்லெட்டா. தம்பி ஆளோட சேத்து எண்ணிக்கிடட்டும்."

4

அறிக்கை வந்தது. நாற்காலியால் எங்கள் தெருவில் அச்சம் கூடியிருக்கிறதாம். ஆகவே வியாழக்கிழமை லாரி வந்து அதை அள்ளிப்போகும். பிறகு மறுபடி எண்ணுவார்கள், பாதுகாப்பு உயர்ந்திருக்கும்.

(அடிக்குறிப்பு: கொலை இந்த அட்டவணையில் இல்லை. அது வேறு துறை.)

கோல்பியே வந்து சொன்னான். "நாற்காலி போனா உங்க தெரு மதிப்பெண் ஏறும் மேடம்."

"கொலகாரன் போனா ஏறாதா?"

கோல்பி யோசித்தான். நேர்மையான பையன்; உண்மையாகவே யோசித்தான். "அத அளக்க எங்ககிட்ட வழியில்ல."

5

நாளை வியாழன். மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

ஒன்று: லாரி எடுத்துப்போகிறது. தெரு பாதுகாப்பாகிறது. அறிக்கைக்குப் பரிசு கிடைக்கிறது.

இரண்டு: காலையில் வீட்டுக்கு ஒரு நாற்காலி தெருவில் நிற்கிறது. இஸ்திரிப் பலகை, குழந்தைத் தொட்டில், லவோனின் உடைந்த சோபா எல்லாமே. கோல்பியின் கருவி திணறிப்போகிறது. (இது லவோன் சொன்ன முடிவு. "நீ எழுது மிஸ் அர்லெட்டா, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்" என்றாள். அவளை நம்பலாமா என்று எனக்கே தெரியாது.)

மூன்று: துப்பறிகிற அதிகாரி படியேறி வந்து, "பிடிச்சிட்டோம்மா" என்கிறார். அர்லெட்டா நாற்காலியை

இதைத்தான் அதிகம் அடித்துத் திருத்தினேன். ஒவ்வொரு முறையும் அந்த அதிகாரிக்கு முகம் வரவில்லை. நான் அவரைப் பார்த்ததே இல்லை.

முதல் இரண்டில் எது வேண்டுமோ நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதை நான் யாருக்கும் தருவதாக இல்லை. அதற்கு அவர் வேண்டும். இன்று காலையும் அவர் எண்ணுக்குக் கூப்பிட்டேன். குரல் அஞ்சல் பெட்டி நிரம்பியிருக்கிறது, பிறகு முயலவும் என்றது பதிவுசெய்த குரல்.