பெட்டி நிறையும் வரை

கடைசியாக அவர் வம்புக்கு இழுத்தது ரத்தம் எடுக்க வந்த பெண்ணை. இரண்டு நாள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தவர், பரிசோதனைக் கூடத்து நாற்காலியில் துவண்டு உட்கார்ந்துகொண்டு, "மெதுவா குத்தும்மா, உள்ள ஆள் இருக்கு" என்றார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "வாய்க்கு மட்டும் ஒரு நோயும் வர்றதில்ல உங்களுக்கு."

குழாயில் ஏறிய ரத்தம் ஐஸ் பெட்டிக்குள் போனது. பெட்டி நிறைந்தால்தான் பெரிய லேபுக்கு வண்டி கிளம்பும். அது அந்தக் கூடத்தின் அசைக்க முடியாத சட்டம். ஊருக்கு அன்று ஏனோ உடம்பு நன்றாக இருந்துவிட்டது. காலையில் எடுத்த ரத்தம் பகலெல்லாம் ஐஸில் சுகமாகப் படுத்திருந்துவிட்டு மாலையில்தான் பயணப்பட்டது.

பொட்டாசியம் நார்மல் என்று முடிவு வந்தது. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவராயிற்றே, பொட்டாசியம் இறங்கியிருக்குமோ என்று கவலைப்பட்டுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த டாக்டரும் அதைப் பார்த்துத் தெளிந்தார். "வெறும் களைப்புதான். படுத்து எழுந்தா சரியாயிடும்."

மறுநாள் அவர் படுத்து எழுந்தார். குளியலறை வாசலில் விழுந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் உடனே ரத்தம் எடுத்துப் பார்த்தபோது பொட்டாசியம் அதலபாதாளத்தில் கிடந்தது. மருந்து ஏறத் தொடங்கும்போதே இதயம் நின்றது.

முதல் நாள் முடிவைப் பார்த்த அங்கிருந்த டாக்டரம்மா, ரத்தம் எத்தனை நேரம் காத்திருந்தது என்று விசாரித்துவிட்டு உதட்டைக் கடித்தாள். "ரத்தத்த மெஷின்ல சுத்தி அணுக்களைத் தனியா பிரிக்காம ஐஸ்ல போட்டு வெச்சா, அணுக்களுக்குள்ள இருக்கிற பொட்டாசியம் வெளிய கசியும்மா. குறைஞ்சு கிடந்தது சரியா இருக்கிற மாதிரி காட்டியிருக்கு."

துக்கம் கேட்க வந்தவர்கள் போனதும் மனைவி அந்தக் கூடத்துக்குப் போனாள். மேலாளர் எழுந்து நின்று, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"ஐஸ்லயே பத்திரமா வெச்சிருந்தோம்மா. கெட்டுப்போக வாய்ப்பே இல்ல."

"அது என்ன, மிச்சமான குழம்பா?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"ரத்தத்தைச் சுத்திப் பிரிக்கிற மெஷின் இருக்கணுமே. எங்க?"

அவர் கை காட்டினார். மூலையில் இருந்தது. அதன் மூடிமேல் பூந்தொட்டி ஒன்று. செடி செழிப்பாக வளர்ந்திருந்தது.

"ரிப்பேர்மா. சும்மாதானே இருக்குன்னு..."

"எனக்கு உங்க மன்னிப்பெல்லாம் வேணாம். இனிமே பெட்டி நிறையட்டும்னு காத்திருக்க மாட்டோம், எடுத்த ரத்தத்தை உடனே அனுப்புவோம். இத மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

"ஒரு குழாய்க்காக வண்டி விட்டா கட்டுப்படி ஆகுமாம்மா? நீங்களே சொல்லுங்க. மேலிடத்துல பேசிப் பாக்கறேன்."

"பேசுங்க. மேல போனவரு ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்டயும் பேசிப் பாருங்க."

அதற்குள் யாரோ ஒரு அம்மாளிடம் ரத்தம் எடுத்து முடித்திருந்த பெண், குழாயில் பெயரை ஒட்டிக்கொண்டு வந்து பெட்டிக்குள் செருகி மூடியை அழுத்தினாள். உள்ளே இன்னும் பாதி இடம் காலியாக இருந்தது.