ஆள் பார்க்காத மாத்திரை

மாமியாரின் தலையணை உறையை மாற்றும்போது உள்ளிருந்து ஒரு புட்டி உருண்டு விழுந்தது. மூடியைத் திறந்ததுமே மருமகளுக்கு முகம் சுண்டியது. அழுகிய முட்டை வாடை. ஆய்வுக்கூடத்தில் வருஷக்கணக்காக அவள் மூச்சோடு உள்ளே போகிற வாடை அது. தலைக்குக் குளித்தாலும் போகாது. கணவன் தள்ளிப் படுப்பதற்குச் சொல்லும் சாக்கும் அதுதான். புட்டிமேல் ஒட்டியிருந்ததைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. கந்தகம் சுமக்கும் தயோல் என்ற சேர்மம், மாத்திரையாக. பாதி காலி.

"யார் குடுத்தது அத்தை?"

மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டாள். "கோவிச்சுக்காதேம்மா. உன் புருஷன்தான் ஆசையா வாங்கிட்டு வந்தான். தினமும் காலையில பக்கத்துல உக்காந்து, தண்ணியும் கையுமா குடுக்கிறான். எப்படி வேணாம்னு சொல்றது?"

மருமகள் புட்டியின் மூடியை இறுக்கித் திருகினாள். அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிப் படி ஏறாதவன். 'எனக்கு அந்த எடம் ஒத்துக்காது' என்று நைசாகக் கழன்றுகொண்டவன். விடுப்பெல்லாம் கரைந்தது அவளுக்கு. கதிர்வீச்சு அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு ஒடிந்தது அவளுக்கு. நல்ல பிள்ளைப் பட்டம் மட்டும் அவனுக்கு.

கூடத்தில் அவன் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். புட்டியை அவன் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"ஆன்டிஆக்சிடன்ட்டுக்கு எதுக்கு டாக்டர்? உடம்புக்கு நல்லதுன்னு நீதானே மேடை போட்டுப் பேசுவே, விஞ்ஞானி!"

"கதிர் உள்ள போய் என்ன பண்ணுதுன்னு தெரியுமா? செல்லுல இருக்கிற தண்ணியை உடைக்குது. உடைஞ்ச துண்டு வெறி பிடிச்ச மாதிரி டி.என்.ஏ.கிட்டயிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்குது. அந்தக் காயத்துலதான் கட்டி சாகணும். இது தன்னோட ஹைட்ரஜனைக் குடுத்து அந்தக் காயத்தை அடைச்சிடும். நல்ல செல்லா, கட்டியான்னு ஆள் பார்க்காது. நான் கட்டியைக் கொளுத்தக் கூட்டிட்டுப் போறேன், நீங்க விறகுல தண்ணி ஊத்தி அனுப்பறீங்க!"

"அப்ப எங்கம்மாவை நானே கொல்றேங்கிறியா?"

"இதனால கெட்டுச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அது தெரிஞ்ச டாக்டர்கிட்ட நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்க. இன்னிக்கு அத்தையை நீங்கதான் கூட்டிட்டுப் போறீங்க."

"எனக்கு ஒத்துக்காதுன்னு..."

"எனக்கு மட்டும் அது என்ன சினிமாக் கொட்டகையா?"

அவள் கத்தியேவிட்டாள். ஹைட்ரஜனைக் கொடுத்த கந்தகம் சும்மா இருப்பதில்லை. கொடுத்த கையோடு அதற்கே வெறி பிடித்துவிடும்; தன்னைப் போல இன்னொன்று கிடைத்துக் கைகோர்க்கும்வரை அலையும். இத்தனை நாள் அது அவளுக்கு வெறும் பாடமாகத்தான் இருந்தது.

சத்தம் கேட்டு மாமியார் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். மகன் அவளிடம் ஓடினான். "நீ சொல்லும்மா, நான் உனக்குக் கெடுதலா..."

பேச்சு பாதியில் நின்றது. சால்வை விலகிய கழுத்தடியில் ஊதா நிறத்தில் ஒரு கோடு.

"என்னம்மா இது, மை கொட்டிக்கிட்டியா?" மேசைமேலிருந்த தண்ணீரில் கைக்குட்டையை முக்கி எடுத்துத் துடைக்கக் குனிந்தான்.

மாமியார் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடாதேடா. கதிர் விழற எடத்துக்கு வச்ச அடையாளம் அது. சிகிச்சை முடியற வரைக்கும் அழியக்கூடாது."

அம்மாவின் பிடியில் அவன் கை அந்தரத்தில் நின்றது. ஈரக் கைக்குட்டையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவனுடைய பாலிஷ் போட்ட ஷூமேல் விழுந்துகொண்டிருந்தது.