விம்பிள்டனுக்கு அடுத்த ஸ்டேஷன்

சூசைதாசனுக்கு முழங்கால் நோவு தாங்க ஏலாமல் போன 1987 தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான், லண்டனில் விம்பிள்டனோடு முடிகிற டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில்பாதைக்கு அப்பால் இன்னுமொரு ஸ்டேஷன் இருப்பதும், அது மெக்சிக்கோவில் இருப்பதும் தெரியவந்தது. ஈஸ்ட் ஹாமில் ஹோட்டல் படுக்கை விரிப்புகள் தோய்க்கிற லோண்டரி ஒன்றில் அவர் ஈரப் பக்கத்து ஆள். தோய்ந்த விரிப்புகளை மெஷினுக்குள்ளிருந்து இழுத்தெடுத்து, தண்ணீர் வடிய வடிய வண்டிலில் போட்டு, காயவைக்கிற பக்கம் தள்ளிக்கொண்டு போகவேண்டும். ஈர விரிப்பு ஒன்று காய்ந்த விரிப்பு நாலின் பாரம். அவருடைய மனைவி பியற்றிஸ் அதே லோண்டரியில் மடிக்கிற மேசையில் நின்றாள். குளிர் தொடங்கினால் அவளுடைய விரல்கள் மடங்காது. அன்றைக்கு அவர்களோடு வந்த மற்ற இருவர் யோகராஜாவும் அம்பலவாணனும்; விம்பிள்டனில் சூசைதாசன் வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருந்தவர்கள், ஈரப் பக்கத்தில் அவரோடு பாரம் இழுத்தவர்கள். சனி இரவு ஷிப்ட் ஞாயிறு காலையில் முடிய நாலு பேரும் ஒன்றாகத்தான் வீடு திரும்புவார்கள். அன்றைக்கு வெளியே பனி குவிந்து கிடந்தது. ஏர்ள்ஸ் கோர்ட்டில் மாறி ஏறியதும் சீட்டுக்குக் கீழே ஹீட்டர் சுட்டது, நாலு பேரும் விழுந்த மாதிரி நித்திரையானார்கள். விம்பிள்டனில் ரயில் நின்றபோது ஒருவரும் எழும்பவில்லை. எழும்பாதவர்களை ரயில் அடுத்த ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது.

கதவு திறந்ததும் வெக்கைதான் முதலில் உள்ளே வந்தது. சீமெந்து பிளாட்போம், நிழலில் ஒரு நாய், அதற்கப்பால் கடல். ஒருவரும் கத்தவில்லை. பியற்றிஸ் கோட்டைக் கழற்றி, வேலைப் பழக்கத்தில் நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். யோகராஜாதான் முதலில் வாய் திறந்தான். அவனுடைய அகதிக் கேஸ் அப்போது முடியவில்லை. முடியும்வரை நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று லோயர் சொல்லியிருந்தார்.

"அண்ணை, இது வெளிநாடே? எனக்குக் கேஸ் கிடக்குது."

"நீ எங்கையடா போனனி? ரயிலிலையிருந்து இறங்கினனி, அவ்வளவுதான்" என்றார் சூசைதாசன்.

"என்ரை பாஸ் விம்பிள்டன் மட்டும்தான்" என்றான் அம்பலவாணன். "பிடிச்சால் பைன் அடிப்பாங்கள்."

பிடிக்க ஒருவரும் இருக்கவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே, ஓலைக் கூரைக்குக் கீழே, பலகை மேசைகள் போட்டு ரொசால்பா என்ற பெண் சாப்பாட்டுக்கடை நடத்தினாள். சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துத்தான் நாடு மெக்சிக்கோ என்று யோகராஜா கண்டுபிடித்தான். லண்டனில் மத்தியானம் என்றால் இங்கே விடியற்காலையாக அல்லவா இருக்கவேண்டும் என்றும் கேட்டான். சாப்பாட்டு நேரம் எங்கேயும் சாப்பாட்டு நேரம்தான் என்று பியற்றிஸ் சொல்ல, அந்தக் கேள்வி அதோடு முடிந்தது. ரொசால்பா அவர்களுடைய முகங்களைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் நாலு சாப்பாட்டுக் கோப்பை வைத்தாள். தணலில் வாட்டிய சிவத்த மீன், அதன்மேல் பிழியத் தேசிக்காய், பச்சை மிளகாய் அரைத்த சம்பல் போன்ற ஒன்று, அவித்த கறுப்பு அவரை, துணியில் சுற்றிய சூடான சோள ரொட்டி. அவள் தன் பாஷையில் கதைத்தாள், இவர்கள் தங்கள் பாஷையில் கதைத்தார்கள். மிளகாய் போதுமா என்பதையும் இன்னும் மீன் வேணுமா என்பதையும் விளங்கிக்கொள்ள இருபகுதிக்கும் கஷ்டம் இருக்கவில்லை. சூசைதாசன் நீட்டிய பவுண் தாளை அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். சும்மா சாப்பிட்டுவிட்டுப் போவது பியற்றிஸுக்குச் சரியாகப் படவில்லை. எழும்பிப் போய்க் கோப்பைகளைக் கழுவினாள். கழுவும்போதுதான் விரல்கள் மடங்குவதைக் கண்டாள். ஒரு தரம் மடக்கினாள், விரித்தாள், திரும்ப மடக்கினாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. வயிறு முட்டச் சாப்பிட்ட அசதியில், நின்ற ரயிலிலேயே ஏறியிருந்து நித்திரை கொண்டு, பின்னேரம் விம்பிள்டனில் முழித்தார்கள். சப்பாத்துக்குள் மணல் இருந்தது. வெளியே பனி அப்படியே கிடந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் மார்கழி தொடக்கம் மாசி முடியும் வரை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மெக்சிக்கோவில் என்றானது. வசதியான வெள்ளைக்காரர் குளிருக்கு வெயில் நாடுகளுக்குப் போவார்கள் என்று பத்திரிகையில் வரும். இவர்களும் போனார்கள், கிழமைக்கு ஒரு மத்தியானம். யோகராஜா மட்டும் வெயில் படாமல் தலையில் துவாய் போட்டுக்கொண்டு சாப்பிட்டான். அப்படியும் முகம் கறுத்துவிட்டது. தை மாதத்தில் எப்படி இந்த நிறம் என்று லோயர் கேட்டபோது, லோண்டரி ஆவி பட்டது என்றான். லோயர் அதையும் எழுதிக்கொண்டார். கதை மெல்ல வெளியிலும் பரவியது. விம்பிள்டன் கோயிலடியில் பழக்கமான மலேசியக்காரர் செல்லப்பன், கணக்காளர், தானும் போகவேண்டும் என்று ஓர் இரவு முழுக்க வீடியோப் படம் பார்த்துவிட்டு வந்து அதே பெட்டியில் ஏறினார். விம்பிள்டனில் பெட்டி கழுவுகிறவன் அவரைத் தட்டி எழுப்பினான். "ராத்திரி பூரா கண்ணே மூடலைப்பா, எனக்கு ஏன் வரல?" என்று அடுத்த கிழமை வந்து கேட்டார். "அது முழிப்புக் களைப்பு, செல்லப்பன். எங்கடையது வேலைக் களைப்பு. ரயிலுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியும்" என்றான் அம்பலவாணன். செல்லப்பன் கோபிக்கவில்லை. ஒரு கிழமை லீவு எடுத்து உங்களோடு வந்து தூக்கட்டுமா என்று கேட்டார். அவருடைய மனைவி விடவில்லை.

1991இல் சூசைதாசனைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். கண்ணாடி அறை, இருந்து வேலை செய்யக் கதிரை, காலடியில் ஹீட்டர். மூன்று மாதத்தில் முழங்கால் நோவு நின்றது. பியற்றிஸ் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். அந்த மார்கழியில் நாலு பேரும் வழக்கம்போல் ரயில் ஏறினார்கள், பியற்றிஸ் அவருடைய தோளில் சாய்ந்து நித்திரையானாள். சூசைதாசனுக்கும் கண் மூடியது, ஆனால் அது கதிரையில் இருந்தவனுடைய நித்திரை. விம்பிள்டனில் அவருக்கு முழிப்பு வந்தபோது மற்ற மூன்று பேரும் இல்லை. தோள் மட்டும் சூடாக இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பழைய புட்டைச் சூடாக்கித் தின்றார். பின்னேரம் அவர்கள் புகையும் தேசிக்காயும் மணக்க வந்திறங்கினார்கள். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். ரொசால்பா உங்களைக் கேட்டவள் என்று பியற்றிஸ் சொன்னாள். அவர் என்ன செய்வது, சம்பளம் கூடியிருந்தது, இல்ஃபோர்டில் வீடு வாங்குகிற கதையும் நடந்துகொண்டிருந்தது.

1993 தை மாதத்தில் யோகராஜாவும் அம்பலவாணனும் மட்டும் திரும்பி வந்தார்கள். சூசைதாசன் பிளாட்போமில் நின்றார்.

"அக்கா வரேல்லை, அண்ணை" என்றான் யோகராஜா. "மீன் வெட்டிக்கொண்டு நிண்டவ. ரயிலுக்கு நேரமாச்சு எண்டு கூப்பிட்டனாங்கள். நீங்கள் போங்கோ, நான் பிறகு வாறன் எண்டு சொல்லிப்போட்டா."

"பிறகெண்டால் எப்ப?"

"அது சொல்லேல்லை."

சூசைதாசன் கோபப்பட்டதாக ஒருவரும் சொல்லவில்லை. பியற்றிஸின் மடிக்கிற மேசைக்கு வேறொரு பெண்ணை எடுத்தார்கள். அவளுடைய கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்கியது. விமானத்தில் போகலாமே என்று செல்லப்பன் சொல்லி, வரைபடப் புத்தகம் கொண்டுவந்து விரித்தார். மெக்சிக்கோவின் கடற்கரையில் எந்த ஊர் என்று சூசைதாசனுக்குத் தெரியவில்லை. ஸ்டேஷனில் பெயர்ப் பலகை இருந்ததை யாரும் கண்டதில்லை. போக ஒரு வழிதான் இருந்தது. அவர் ஈரப் பக்கத்துக்குப் போய் அம்பலவாணன் முன்னால் நின்றார்.

"தம்பி, உன்ரை இடத்தை எனக்குத் தா. நீ போய் என்ரை கதிரையிலை இரு."

அம்பலவாணன் வண்டிலை விடாமல் அவரைப் பார்த்தான். "கதிரையிலை இருந்தால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போகும், அண்ணை."

"ஒரு குளிருக்குத்தான்."

"உங்களுக்கு அம்பத்திரண்டு வயசு. முழங்கால் என்னாகும்?"

"முழங்கால் நொந்தால்தானே போகலாம்."

அம்பலவாணன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தான். யார் கதிரையில் இருந்தால் என்ன, விரிப்பு நேரத்துக்குப் போனால் சரி என்றார் மனேஜர். முதல் ஞாயிறு சூசைதாசனுக்கு முதுகு மட்டும்தான் நொந்தது, ரயில் அவரை விம்பிள்டனில் இறக்கிவிட்டது. இரண்டாவது ஞாயிறும் இறக்கியது. மூன்றாவது கிழமை முழங்கால் தேங்காயளவுக்கு வீங்கியது. யோகராஜா கைத்தாங்கலாக ரயிலில் ஏற்றினான். ஏர்ள்ஸ் கோர்ட் போனது அவருக்குத் தெரியாது. வெக்கை முகத்தில் அடிக்க முழித்தார்.

பியற்றிஸ் ரொசால்பாவின் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு கல்லில் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பிறந்த ஊரான பாசையூரில் அவளுடைய தாயும் சகோதரிகளும் செய்த வேலை. கலியாணத்தோடு அதை விட்டவள். கத்தி அவளுடைய விரலுக்குள் சுழன்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்திட்டியளே. நொண்டுறியள். கையைக் கழுவிப்போட்டு வந்து இருங்கோ, சாப்பாடு போடுறன்."

அவர் இருந்தார், சாப்பிட்டார். மீனை முள் எடுத்து அவருடைய கோப்பையில் வைத்தாள். சாப்பிட்டு முடிந்த பிறகுதான் கேட்டார்.

"வாறியே?"

"இஞ்சை விரல் மடங்குது. அங்கை மடங்காது. இதிலை கதைக்க என்ன கிடக்கு, அப்பா?"

"அப்ப நான்?"

"உங்களை ஆர் வரவேண்டாம் எண்டது? ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. மாசி முடிய நானும் வாறன். குளிருக்கு மட்டும்தான் என்னாலை அங்கை ஏலாது."

அக்கா சுகம் என்று யோகராஜா ஞாயிறுதோறும் வந்து சொல்லியும், மூன்று கிழமையாகச் சூசைதாசன் அவள் செத்துவிட்டாள் என்றும், வேறொருவனோடு போய்விட்டாள் என்றும் மாறி மாறி நினைத்திருந்தார். இரண்டுமில்லை, விரல்தான். விரலோடு வழக்காட ஏலாது. "சரி" என்றார். ரொசால்பா இன்னொரு மீன் கொண்டுவந்து வைத்தாள்.

பங்குனியில், சொன்னபடி, பியற்றிஸ் விம்பிள்டனில் வந்திறங்கினாள். ஒரு குளிர்காலம் முழுக்க மீன் வெட்டிய களைப்பு, எழுப்பத்தான் கஷ்டப்பட்டார்கள். மடிக்கிற மேசை திரும்பக் கிடைத்தது. அடுத்த மார்கழியில் போனாள், பங்குனியில் வந்தாள். அயலில் இதை ஒரு புதினமாக ஒருவரும் கதைப்பதில்லை. மற்றவர்களுடைய மனைவிமார் கனடாவுக்கு மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் போவதுபோல, இவள் குளிருக்கு மெக்சிக்கோ போகிறாள், அவ்வளவுதான். யோகராஜாவுக்கு 1995இல் கேஸ் சரிவந்தது. துவாயைக் கழற்றிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினான். சூசைதாசன் ஈரப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். இல்ஃபோர்ட் வீட்டுக் கதை நின்றது. முழங்கால் ஒவ்வொரு மார்கழியும் வீங்கும், அவர் அதற்கு மருந்து போடுவதில்லை.

அம்பலவாணன் கண்ணாடி அறையில் இருக்கிறான். வயிறு வைத்துவிட்டது. ரெய்னர்ஸ் லேனில் வீடும் வாங்கியிருக்கிறான். ஆனாலும் குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னுடைய வழியை விட்டு அவர்களோடு ஏர்ள்ஸ் கோர்ட்டில் மாறி ஏறுவான். விம்பிள்டனில் அவனுக்கு முழிப்பு வரும், பக்கத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் ஒரு சாண்ட்விச் வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவான். கதிரையைத் திருப்பி எடுத்தால் சூசைதாசனுக்கு மெக்சிக்கோ இல்லை, பியற்றிஸோடு ஞாயிற்றுச் சாப்பாடு இல்லை. அதனால் அவர் அந்தக் கதையை எடுப்பதில்லை. அம்பலவாணனும் கேட்டதில்லை. ஒரு குளிருக்கென்று வாங்கின ஈரப் பக்கத்து இடத்தை, இது 1997, சூசைதாசன் இன்னும் அம்பலவாணனுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.