சந்தனம் வைத்த விசை

எண்பத்தெட்டில் எங்கள் எஸ்டேட் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது தலைமை எழுத்தரான பெரிய கிராணி பாலகிருஷ்ணன் அதைத் தொடவே பயந்தார். பக்கத்து ஊரான தஞ்சோங் காராங்கில் மாலை வகுப்பு படித்திருந்த என்னைத் தற்காலிக டைப்பிஸ்டாகச் சேர்த்தார்கள். அவருக்காகவே ஒரு சின்னப் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் விசையை அமுக்கினால் கடிதம் அடிக்கும் இடம் வரும். மூன்றாவதை அமுக்கினால் ஆள் கணக்குப் போடும் செக்ரோல் வரும். மேனேஜரிடம் கிராணி அதைத் தம் யோசனை என்றே சொல்லிக்கொண்டார். போகட்டும், வேலை நிரந்தரமானால் சரி என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜைக்கு அடுத்து ஆபீஸ் திறந்த அன்று எல்லாம் தலைகீழானது. கடிதத்தை முடித்து வெளியே வந்தால் மறுபடியும் கடிதமே வந்து நின்றது. செக்ரோலுக்குப் போக வழியில்லை. சம்பள நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஒன் புரோகிராம்தாம்மா கோளாறு," என்றார் கிராணி. "மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா மேனேஜர் ஒன்ன வேலைக்கு வச்சுக்க மாட்டாரு லா."

ஒவ்வொரு வரியாகப் படித்தேன். தப்பே இல்லை. கடைசியில் நான் எழுதியதை முழுக்கக் கழற்றிவிட்டு இரண்டாம் விசையை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேன். கையை எடுத்த பிறகும் அது மேலே எழும்பவில்லை. கம்ப்யூட்டர் விடாமல் கத்தியது. விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினேன். காய்ந்த சந்தனம் பொலபொலவென்று மேசையில் கொட்டியது. விசை அப்போதும் ஒட்டிக்கொண்டேதான் இருந்தது.

பூஜையன்று பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை லோரிக்கு வைப்பதுபோல் விசைகளுக்கும் தாராளமாக வைத்தவர் கிராணிதான். கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அந்தத் தூளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் வழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"சாமி மேலயா பழியப் போடுற? தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்த பொண்ணு பேசுற பேச்சா இது?"

நேரே மேனேஜரிடம் போய் மலாயில் சொன்னேன். அவர் கிராணியைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். இவரும் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். மாதக் கடைசியில் என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வாரம் புது விசைப்பலகை வந்ததாம். என் புரோகிராமில் யாரும் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. அது அப்படியே ஓடியதாம். பெரிய கிராணியே உட்கார்ந்து சரி பண்ணிவிட்டார் என்று, ஆபீஸ் கூட்டும் இராஜம்மா அக்கா என்னிடமே பெருமையாகச் சொன்னார். நான் அப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுவருஷம் ஆயுத பூஜைக்கு, காட்டு வேலை ஆட்களோடு நானும் ஆபீஸ் வாசலில் பொரி கடலைக்கு வரிசையில் நின்றேன். கிராணி என் முகத்தைப் பார்க்காமலே கைநிறைய அள்ளிப் போட்டார்.

அவர் தோளுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் தெரிந்தது. விசைப்பலகைக்கு மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்து விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, அதற்கு மேல்தான் சந்தனம் வைத்திருந்தார்.