ஆட்காட்டி விரல்

கிராணி அப்பாசாமியின் வலது கை ஆட்காட்டி விரலை அறியாதவர் எங்கள் பேட்டை காஜா பேராங்கில் கிடையாது. துறைமுக ஆபீசில் அவர் குமாஸ்தாவாக இருந்த முப்பது வருஷமும் கூலிகளை நோக்கி நீண்ட விரல் அது. ஓய்வு பெற்ற பிறகு சங்கத்து மேடையில் நீண்டது. மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வாரம், "இனிமேல் இந்த மண்ணில் யாருக்கும் யாரும் அடிமை இல்லை!" என்று அதை ஆட்டி ஆட்டி ஒன்றரை மணி நேரம் பேசினார். அவருடைய மனைவி சாரதாம்பாள், அவர் தொண்டைக்கு இதமாக வெந்நீர் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒன்றரை மணி நேரமும் மேடைக்குப் பின்னால் நின்றார். ஊருக்குத்தானே உபதேசம்.

அடுத்த மாதம் அந்த விரல் எங்கள் வீட்டுக்குள் வந்து என்னை நோக்கி நீண்டது.

நான் செய்த குற்றம், ஆஸ்பத்திரியில் புதிதாகத் திறந்த ஒரு பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்ததுதான். ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர் என்று பெயர். கை கால் விளங்காமல் போனவர்களை, சட்டைப் பித்தான் போடுவது, தலை சீவுவது, சாப்பிடுவது என்று தங்கள் வேலையைத் தாங்களே செய்யும்படி மறுபடி பழக்குகிற வேலை. ஆறு மாதம் பயிற்சி, கடைசியில் ஒரு பரீட்சை. தேறினால் அரசாங்க உத்தியோகம்.

"ஆம்பளைங்க கையப் புடிச்சி பித்தான் போடச் சொல்லிக் குடுக்க ஒரு படிப்பா, சுப்பையா?" என்று அப்பாவைக் கேட்டார் கிராணி. "எழுதி வச்சிக்க. ஆறு மாசத்துல திரும்பி வந்துரும். கழுத கெட்டா குட்டிச்செவரு."

என் அப்பா ரோடு போடுகிற இடத்தில் மண்டோர். நாற்பது ஆட்களை அதட்டி வேலை வாங்குகிறவர். கிராணிக்கு முன்னால் மட்டும் தோள் துண்டு கைக்கு வந்துவிடும். தலையைத் தலையை ஆட்டினார். கிராணி போன பிறகு என்னிடம், "நீ பெயிலாயிட்டா அவரு மூஞ்சியில நான் முழிக்க முடியாது, சந்திரா. மூவார்காரங்களுக்குச் சரின்னு சொல்லிருவேன்" என்றார்.

மூவார் ஊர் மாப்பிள்ளை என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். பெண் பார்க்க வந்த அன்று வடையைத்தான் உற்றுப் பார்த்தார். பரீட்சையில் தவறினால் எனக்கு அவர்தான்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் மிஸ் வாட்கின்ஸ். அவருக்குத் தமிழ் தெரியாது. மலாய் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் படித்த சாத்திரம் முழுவதும் ஒரே வரியில் அடங்கும்: நோயாளியால் செய்ய முடிந்ததை நீ செய்யாதே. பக்கத்தில் நிற்கும்போது எங்கள் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஒருவர் பத்து நிமிஷமாக ஒரே பித்தானோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்குக் கை அரிக்கும். நீட்டினால் அடிக்குச்சியால் மணிக்கட்டில் ஒரு தட்டு விழும்.

முதல் வாரம் எங்கள் நாலு பேர் வலது கையையும் துணியால் கட்டிவிட்டு, ஒரு நாள் முழுக்க இடது கையாலேயே எல்லாம் செய்யச் சொன்னார். தலை சீவினோம், எழுதினோம். மத்தியானம் சோறு வந்தது. அந்தக் கையைக் கொண்டுபோய் யாராவது சோற்றில் வைப்பார்களா? "பசியில்லை, மிஸ்" என்றேன். மற்ற மூன்று பேருக்கும் அன்று பசியில்லை. நாலு பேருக்கும் வயிற்றுக் கோளாறு என்று மிஸ் வாட்கின்ஸ் குறித்துவைத்தார்.

நாலாவது மாதம் அப்பாசாமி வந்து சேர்ந்தார், ஸ்ட்ரெச்சரில். சங்கத்துக் கூட்டத்தில் யாரையோ நோக்கி விரலை ஆட்டிக்கொண்டிருந்தபோதே வாதம் அடித்துவிட்டதாம். கால் ஓரளவு தப்பியது. பேச்சு பத்து நாளில் திரும்பியது. அதை ஏன் திருப்பிக் கொடுத்தாய் என்று வார்டு நர்ஸ் மிஸிகள் கடவுளைக் கேட்டார்கள். வலது கை மட்டும் வாழைத்தண்டு மாதிரி மடியில் கிடந்தது.

"இவர்தான் உன் பரீட்சைக்கு" என்றார் மிஸ் வாட்கின்ஸ். "எட்டு வாரம். கடைசி நாளில், யார் உதவியும் இல்லாமல் ஒரு தட்டுச் சாப்பாட்டை இவர் சாப்பிட்டு முடிக்க வேண்டும். முடித்தால் நீ தேர்ச்சி."

என் உத்தியோகமும் மூவார்காரரும் போயும் போயும் அந்தக் கையில் வந்து மாட்டிக்கொண்டார்கள். நான் சிரித்தேனா அழுதேனா என்று ஞாபகமில்லை.

மிஸ் வாட்கின்ஸ் முதல் நாளே அவருடைய இடது கையில் ஒரு கரண்டியைச் செருகினார். கிராணி அதை ஜன்னல் வழியாக வீசினார்.

"பீச்சாங்கையால திங்கிறதுக்கு நான் பட்டினி கெடந்து சாவுறேன்னு சொல்லு அந்த வெள்ளைக்காரிச்சிக்கிட்ட!"

அவர் வாழ்நாளில் பேசியதில் நான் ஒப்புக்கொண்ட ஒரே பேச்சு அதுதான். படிவத்தில் 'கரண்டியால்' என்றிருந்ததை அடித்துவிட்டு 'கையால்' என்று எழுதும்படி மிஸ் வாட்கின்ஸிடம் மன்றாடினேன். லண்டனில் அச்சடித்த படிவத்தில் மை படுவது அவருக்கு வேதனையாக இருந்தது. ஆனாலும் எழுதினார்.

வலது கைக்கு வேலை கொடுக்க ஆரம்பித்தேன். கோதுமை மாவைப் பிசையச் சொன்னால், "இது பொம்பளை வேல" என்றார். துணிக்கிளிப்பை அமுக்கச் சொன்னால், "சின்னப் புள்ள வெளையாட்டு" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். திட்டிக்கொண்டே அமுக்கினார். கட்டைவிரல் அசைந்தது. நடுவிரல் மடங்கியது. ஆட்காட்டி விரல் மட்டும் அசைவேனா என்றது. அது இல்லாமல் சோற்றைக் கூட்டி எடுக்க முடியாது. ஆகவே அதற்குத் தனியாக மணி கோக்க வைத்தேன், மாவைக் குத்த வைத்தேன். ஒரு பெண் தன்னைத் திட்டிய விரலுக்கு இவ்வளவு சேவகம் செய்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஆனால் மத்தியானம் ஆனதும் எல்லாம் பாழ். பன்னிரண்டு மணி பஸ்ஸில் சாரதாம்பாள் பெரியம்மா டிபன் கேரியரோடு வந்துவிடுவார். சோற்றைப் பிசைந்து உருட்டி அவர் வாயில் ஊட்டுவார். மெர்டேக்கா வீரர் ஆ என்று வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஊட்டிக்கொண்டே பெரியம்மா பேசுவார். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய கதை. கல்யாணமான முதல் தீபாவளிக்குக் கிராணி ஒரு வார்த்தை பேசாமல் இருந்த கதை. வருஷ வரிசையில், ஒரு நாளைக்கு ஒன்று. நான் முதலில் சலித்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் பொறுக்க முடியாமல் அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"பெரியம்மா, நீங்க ஊட்டுற வரைக்கும் அவரு கை வராது. கை வராட்டி நான் பெயில்."

அவர் என்னைப் பார்க்காமல் கேரியர் கிண்ணங்களை அடுக்கினார்.

"கை வந்துட்டா அந்த வெரலும் வந்துரும், சந்திரா" என்றார். "இருபத்தெட்டு வருஷமா நான் வாயத் தொறந்தா வெரலு வரும். ஒரு பேச்ச முழுசா பேசி முடிச்சதில்ல. இப்பதான் பேசறேன். அவரு வாயில சோறு இருக்கிற வரைக்கும்தான் எனக்கு வாயி."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வடையைப் பார்த்த அந்த முகமும் ஞாபகத்துக்கு வந்தது. "எனக்கு வேற வழி இல்ல, பெரியம்மா" என்றேன். நான் அப்படித்தான் சொன்னேன். என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள இப்போது மாற்றிச் சொல்ல மாட்டேன்.

மறுநாள் முதல் அவர் ஊட்டுவதை நிறுத்தினார். பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கிராணி பாதிச் சோற்றைத் துண்டில் சிந்தி, அந்த விரலை முறைத்து முறைத்து, ஒரு மணி நேரம் சாப்பிட்டார். வாதம் பிடித்த ஆளுக்கு அதற்கே முழுக்கவனமும் வேண்டும். பேச்சை மறிக்க நேரமில்லை. பெரியம்மாவுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. அடுத்த வாரம் முக்கால் மணி. அதற்கடுத்த வாரம் அரை மணி. கை தேறத் தேற அவருக்குப் பொழுது குறைந்தது. கதை ஜப்பான்காரன் காலத்துக்கு வந்திருந்தது.

பரீட்சைக்குக் கோலாலம்பூரிலிருந்து ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்தார். கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு, படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் மிஸ் வாட்கின்ஸ். பெரியம்மா தட்டில் சோறும் மீன் குழம்பும் வைத்துவிட்டுப் பெஞ்சுக்குப் போனார். நான் கையைப் பின்னால் கட்டினேன்.

கிராணி பிசைந்தார். முதல் பிடி சிந்தியது. இரண்டாவது வாய்க்குப் போனது. மூன்றாவது, நாலாவது. பெரியம்மா மெல்ல ஆரம்பித்தார்.

"நம்ம ராஜத்துக்கு அப்ப நாலு வயசு. காலையில காய்ச்சல். நீங்க மேசையில ஒக்காந்து ஜப்பான் பாஷை படிச்சிக்கிட்டு இருந்தீங்க. நான் வந்து, புள்ள ஒடம்பு நெருப்பா கொதிக்குது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோம்னேன்..."

பாதித் தட்டு முடிந்திருந்தது. கிராணி நிறுத்தினார். சோறு ஒட்டிய கை மேலே எழுந்தது. ஆட்காட்டி விரல் நடுக்கமில்லாமல், பழைய நேர்க்கோட்டில் நீண்டது.

"வாய மூடு. கொழம்புல உப்பு இல்ல. எடுத்துட்டு வா."

பெரியம்மாவின் பேச்சு அங்கேயே அறுந்தது.

டாக்டர் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார். "அந்த விரலைப் பாருங்கள்! முழுதாக நீள்கிறது! பிரமாதம்!" என்று எழுதிக்கொண்டார். மிஸ் வாட்கின்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு வாரம் மணி கோத்து, மாவு குத்தி, நான் உயிர் கொடுத்த விரல். எனக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் அப்படி நான் வெட்கப்பட்டதில்லை.

பெரியம்மா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உப்புப் போத்தல் கட்டிலுக்கு வலப்பக்கத்துச் சிறு மேசையில் இருந்தது. கிராணிக்கு ஒரு முழம். பெரியம்மாவுக்குப் பத்து அடி.

கிராணி கோபித்துக்கொண்டு தட்டைத் தள்ளினால் நான் பெயில். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

"உக்காருங்க, பெரியம்மா" என்றேன். "ஐயா, உப்பு உங்க பக்கத்துலதான் இருக்கு. கை எட்டும். உங்களால முடியிறத இன்னொருத்தர் செய்யக் கூடாது. அதான் இங்க சட்டம்." இதையே டாக்டருக்கு இங்கிலீஷில் சொன்னேன். அவர் மகிழ்ந்துபோய்த் தலையாட்டினார். பிறகு கிராணியின் கையையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

கிராணி என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். அந்த விரல் என் பக்கம் திரும்பியது. நான் கையைப் பின்னாலிருந்து எடுக்கவில்லை. கோலாலம்பூர் டாக்டருக்கு முன்னால் முடியாதவன் என்று பெயர் வாங்க அவரால் முடியுமா? பெருமைக்குப் பிறந்த மனுஷர். கையை நீட்டிப் போத்தலை இழுத்து மடியில் இடுக்கிக்கொண்டார். திருகு மூடி. விரல்கள் வழுக்கின.

"சொல்லுங்க, பெரியம்மா" என்றேன். "ராஜத்துக்குக் காய்ச்சல்னு சொன்னீங்க."

பெரியம்மா உட்கார்ந்தார். மடியில் கைகளை வைத்துக்கொண்டு, அவரை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"இதே வெரல நீட்டித்தான் சொன்னீங்க. வாய மூடு, காய்ச்சல்தான, தன்னால எறங்கும்னு. நான் வாய மூடிக்கிட்டேன். நீங்க சொன்ன மாதிரியே சாயங்காலம் எறங்கிருச்சி. ஒடம்பு ஜில்லுனு ஆயிருச்சி. அப்பவும் நான் கத்தல. நீங்க மூடச் சொன்ன வாய நான் இன்னும் தொறக்கலன்னு அன்னிக்கு நெனச்சிக்கிட்டேன்."

மூடி ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. கிராணி நிமிரவில்லை. விரல் மறுபடி நடுங்க ஆரம்பித்திருந்தது; அது வாதத்தால் என்று டாக்டர் எழுதியிருப்பார்.

மூடி கழன்றது. உப்பை அவர் தொடவில்லை. மிச்சச் சோற்றை அப்படியே, ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தார். நான் தேறிவிட்டேன்.